ஆம்பளை கட்டாத சுவர்

மெல்சோர்: நில்லு! எங்க நழுவுற? வரிசை பாதியில நிக்குது.

பாஸ்குவால்: எங்கயும் போகல மேஸ்திரி. சும்மா... தண்ணி குடிக்க.

மெல்சோர்: தண்ணி உன் காலடியில இருக்கு. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு செங்கல் வைக்கிற, ரெண்டு தரம் திரும்பிப் பாக்குற. அந்த மாடியில அப்படி என்ன?

பாஸ்குவால்: பொம்பளைங்க.

மெல்சோர்: இருந்துட்டுப் போகட்டும்.

பாஸ்குவால்: சிரிக்கிறாங்க மேஸ்திரி! உங்களுக்குக் காது கேக்கலையா?

மெல்சோர்: சிரிச்சா உனக்கு என்ன தேஞ்சா போச்சு? கல்லை எடு.

பாஸ்குவால்: உங்க ஸ்பெயின் சனத்துல ஆம்பளை சுவர் வைப்பான். இந்த மண்ணுலயே பொறந்த எங்க புவெப்லோ சனத்துல அது பொம்பளை வேலை. வீடு மொத்தமும் அவங்க கட்டுறது. நாங்க தறியில உக்காந்து நெய்யிறவங்க.

மெல்சோர்: ஆம்பளை நெய்யிறானாம், பொம்பளை மண்ணு மிதிக்கிறாளாம்! எங்க ஊர்ல சொன்னா உருண்டு உருண்டு சிரிப்பான்.

பாஸ்குவால்: நீங்க போத்தியிருக்கிற கம்பளி யாரு நெய்ஞ்சது?

மெல்சோர்: ...நீதான். ஆடு எங்களோடது.

பாஸ்குவால்: ஆடு உங்களுது, கை என்னுது. அந்தக் கையப் பாருங்க, மண்ணுல வெடிச்சுக் கெடக்கு. இனி நூல் புடிச்சா...

மெல்சோர்: போதும். பாதிரியார் மத்தியானத் தூக்கம் முடிஞ்சு வரும்போது கோயில் சுவர் இடுப்பு உயரம் நிக்கணும். இல்லேன்னா சவுக்கு உன் முதுகைத் தேடி வரும்.

பாஸ்குவால்: முதுகு ஆறிடும். வீடு போனா?

மெல்சோர்: வீடு எங்கடா போகுது?

பாஸ்குவால்: தொமாசா... எம் பொண்டாட்டி, காலையிலயே சொல்லிட்டா. இன்னைக்கு நான் இந்தச் சுவரை முடிச்சா, என் போர்வையும் செருப்பும் வெளிய வந்துருமாம்.

மெல்சோர்: வந்தா எடுத்து உள்ள போடு.

பாஸ்குவால்: அவ வெளிய வச்சான்னா அத்தோட சரி மேஸ்திரி. வீடு அவளோடது. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிரணும். புள்ளைங்க அவகூட.

மெல்சோர்: த்தூ! புருசன்னா ஒரு பயம் வேணாம்? கதவை ஒரே உதை...

பாஸ்குவால்: கதவு எங்க இருக்கு? ஏணி ஏறி, கூரை வழியா உள்ள எறங்கணும். அவ ஏணியை மேல இழுத்துக்கிட்டா நான் காக்காவா?

மெல்சோர்: அதுவும்... சரிதான். ஆமா, அப்படி வெளிய தள்ளினவ, திரும்பச் சேத்துக்கிட்டதே இல்லையா? ஒருத்திகூடவா?

பாஸ்குவால்: எதுக்குக் கேக்குறீங்க?

மெல்சோர்: சும்மாதான்டா.

பாஸ்குவால்: உண்டு. இன்னொரு பொம்பளை போய்ப் பதமாப் பேசணும். ஆம்பளை போய் நின்னா இன்னும் முறுக்கிக்குவாங்க. தொமாசா பேசியே நாலஞ்சு குடும்பம் சேந்திருக்கு.

மெல்சோர்: தொமாசாவா?... கல்லைக் கீழ வை.

பாஸ்குவால்: அப்புறம் சவுக்கு?

மெல்சோர்: வைடான்னா! அந்தப் பொம்பளைங்கள எறங்கி வரச் சொல்லு. பாதிரியார் முழிக்கிறதுக்குள்ள முடிப்பாங்களா?

பாஸ்குவால்: அவங்களா? ஊதித் தள்ளிருவாங்க. ஆனா பொம்பளை கை இதுல படக் கூடாதுன்னு பாதிரியார்...

மெல்சோர்: நீதான் கட்டினேன்னு நான் சத்தியம் பண்றேன்.

பாஸ்குவால்: பொய்ச் சத்தியமா? நீங்களா? ஒரு கூடை சோளம் கொறஞ்சதுக்கு என் தோலை உரிச்ச ஆளு! பாதிரியாருக்குத் தெரிஞ்சா உங்களையும்ல தொரத்திருவாரு. எனக்காகவா இதெல்லாம்? நம்புற மாதிரி இல்லையே... என்னன்னு சொல்லுங்க. சொல்லாம நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.

மெல்சோர்: கத்தாத, மாடிக்குக் கேக்கும்.

பாஸ்குவால்: சொல்லுங்க.

மெல்சோர்: என் வீட்டுக்காரி லியோனோர் தெனமும் உன் பொண்டாட்டிகிட்ட வர்றாளே, பானை வாங்க, சோள ரொட்டி சுடக் கத்துக்க... கத்துக்கிட்டது ரொட்டி மட்டும் இல்லடா. குதிரைச் சேணம், சவரக் கத்தி, எங்கப்பன் குடுத்த வாளு, எல்லாம் தெருவுல கெடந்துச்சு. முந்தாநாள்லேருந்து நான் ஆட்டுப் பட்டியிலதான் படுக்கிறேன்.