அண்ணன் சொன்னதாக நான் சொன்னது

ரசம் சாதத்தை மிக்ஸியில் அடிப்பதற்கு முன் கொஞ்சம் சுடுதண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் பருக்கை தங்கிவிடும். விழுங்க முடியாதவனுக்கு ஒரு பருக்கை போதும், முகம் நீலமாகிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான், நந்தினி சிஸ்டர். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி வண்டியில் வந்து என் அண்ணன் கிருஷ்ணராஜைப் பார்த்துவிட்டுப் போகும்போது இப்படி ஏதாவது சொல்லிக் கொடுப்பீர்கள். எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். அவன் முதுகில் ஒரு புண் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அவன் காரியத்துக்கு வந்திருந்தீர்கள். மற்ற பேஷண்ட் வீட்டுக்காரர்கள் கூடுகிற கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றீர்கள். அண்ணன் விருப்பத்தை மதித்து எப்படி நடந்துகொண்டேன் என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டுமாம். அப்போது பக்கத்தில் நின்ற அம்சவேணி அண்ணி, அண்ணனைப் பற்றி, "பேப்பர் பூரா படிக்காம கம்பெனிக்குக் கெளம்ப மாட்டாரு சிஸ்டர்" என்றார். நீங்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் கம்பெனியில் நானும் அவனும் பதினேழு வருஷம் ஒரே மெஷினில் நின்றோம். ஈரத் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கிற மெஷின். தோலை உள்ளே கொடுப்பது அவன், பெடலை மிதிப்பது நான். பக்கத்தில் டிரம்கள் சுற்றும் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது. கண்ணால்தான் பேச்சு. அவன் கண் என் மேல் நின்றால் ஓட்டு என்று அர்த்தம். கண் விலகினால் நிறுத்து. நான் ஒரு தடவை தப்பாகப் படித்திருந்தாலும் அவன் கை கத்தி உருளைக்குள் போயிருக்கும். பத்து விரலோடுதான் அவனைப் பாடையில் எடுத்தோம்.

அந்த விரல்கள்தான் முதலில் போயின. பிறகு கால், பிறகு நாக்கு. ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு வியாதி என்றார்கள். குணமாகாது, நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணி ஷூ கம்பெனியில் தைக்கப் போனார். நான் வேலையை விட்டுவிட்டு அவன் கூடவே இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, எச்சிலை உறிஞ்சி எடுப்பது, மலம் துடைப்பது. என் மனைவி ஜோதி ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு பேரணாம்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

பேச்சு போன பிறகும் யாரும் கவலைப்படவில்லை. தம்பி கோபிக்கு அவன் கண் தெரியுமே என்றார்கள். மேஸ்திரி அப்துல் வஹீத் பாய் வந்து, "இன்னா கிருஷ்ணராஜு, மட்டம் போட்டுட்டு ஜாலியா படுத்துக்கினு கீறியா" என்றார். அண்ணன் கண்ணைப் பார்த்தேன். "உன் ஊட்டு பிரியாணி வந்தா எழுந்துப்பானாம் பாய்" என்றேன். அண்ணன் கண் சிரித்தது. அது அவன் சொன்னதுதான். அப்படிச் சரியாகவும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எழுத்துப் பலகை கொண்டுவந்தீர்களே, கண்ணாடி மாதிரி, கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவதற்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது சிஸ்டர் என்றேன். அன்றைக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது. எனக்கு அசதி. நீங்கள் பலகையைப் பைக்குள் வைத்தீர்கள். அண்ணன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் எடை ரொம்பக் குறைந்துவிட்டது. அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் அவனை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் என்னிடம் தனியாகச் சொன்னார். வயிற்றில் குழாய் வைத்து, மூச்சுக்கு மெஷினும் வைத்தால் கஷ்டம் குறையும், வருஷக்கணக்கில்கூட இருப்பார், சொல்ல முடியாது என்றார். எனக்கு வருஷம் என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

பிறகு அவனிடமே கேட்டார். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"சரின்றாரா?" என்றார்.

"கண்ணு எரியுது டாக்டர், எப்பவும் இப்டித்தான் கொட்டுவாரு" என்றேன். குனிந்து, "இன்னா ணா சொல்ற?" என்று கேட்டேன்.

அவன் கண் என் மேல் நின்றது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நம்பர் போயிற்று. கண் விலகவில்லை.

"வேணாம்ன்றாரு டாக்டர். ஊட்லயே இப்டியே போய்ட்றன்றாரு."

டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். கண் அங்கேயே நின்றது. வேண்டாம் என்றே சொன்னேன். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அவன் கையைத் தொட்டுச் சொன்னார். பிறகு ஃபைலில் எழுதினார்.

அண்ணி அன்றைக்குச் சாயங்காலம் அவனிடம் கேட்கப் போனார். கேட்காதீங்க அண்ணி, கேட்டா அழுவுறாரு என்றேன். அவர் கேட்கவில்லை. அவரும் அசந்துபோய்த்தான் வந்திருந்தார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வந்து வலி இருக்கிறதா என்று கேட்பீர்கள். அவன் கண் என் மேல் நிற்கும். இல்லை என்கிறார் என்பேன். இருக்கிறது என்றால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீர்கள், அங்கே டாக்டரம்மா மறுபடி கேட்பார். ஐந்து மாதம் வலி இல்லை என்றுதான் எழுதியிருப்பீர்கள். தோளிலும் இடுப்பிலும் அவனுக்கு வலி இருந்தது. கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும், பாதி மூச்சுக்குழலுக்குள் போகும். ஜூலையில் நெஞ்சில் சளி இறங்கியது. மூன்று நாள் இழுத்தது.

அவன் வேண்டும் என்றான். நான் வேண்டாம் என்று சொன்னேன். இதுதான் நடந்தது. நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

ஆனால் அவனுக்கு என் மேல் வருத்தம் இல்லை. என் பாடு அவனுக்குத் தெரியும். அண்ணன் தம்பிக்குள் அது சொல்லாமலே புரியும். கடைசி ஒரு மாதம் நாங்கள் சண்டை சச்சரவு இல்லாமல் அமைதியாகத்தான் இருந்தோம். ஒன்று மட்டும்தான். அந்த மாதம் முழுக்க அவன் கண் என் மேல் நிற்கவில்லை. கட்டிலுக்கு வலது பக்கம் போனால் இடது பக்கம் விலகும், இடது பக்கம் வந்தால் சுவருக்குப் போகும். பாவம், வெளிச்சம் கூசியிருக்கும். ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.