கடைப் பேரைத் தட்டினால் முதலிடம்

வண்ணார்பேட்டையில் பஸ் நகராமல் நின்றது. முன் சீட்டில் இருந்த தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடைக்காரர், பக்கத்திலிருந்த நண்பரின் மூக்குக்கு நேரே போனை நீட்டினார்.

"பாரும்வே. கடைப் பேரைத் தட்டுனா நம்ம வெப்சைட்டுதான் முதல்ல வருது."

"கடைப் பேரு தெரிஞ்சவன் எதுக்குவே தேடுதான்? நேரா வந்துருவாம்லா. 'மோட்டார் ரிப்பேர் வண்ணார்பேட்டை'ன்னு தட்டும்."

தட்டினார். விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"நாலு பக்கம் தாண்டியாச்சு, நம்மளக் காணலயே."

"எப்படி வரும்? உம்ம வெப்சைட்டுல மோட்டாரும் இல்ல, வண்ணார்பேட்டையும் இல்ல. 'நீரேற்று இயந்திரத் தீர்வுகளின் சிகரம்'னுல்லா எழுதி வச்சிருக்கீரு. தலையில சோப்போட நிக்கவன் அதையா தட்டுவான்?"

"படிச்சவங்க எல்லாம் மெச்சுனாங்கவே."

"மெச்சுனவங்க வீட்டு மோட்டார் ஓடுதுவே. போன வாரம் உம்ம வீட்டு பிரிட்ஜ் நின்னு போச்சே, நீரு என்ன தட்டுனீரு?"

"பிரிட்ஜ் ரிப்பேர் வண்ணார்பேட்டைன்னுதான்."

"ஏன், 'குளிர்பதனத் தீர்வுகளின் சிகரம்'னு தட்டலயோ?"

கடைக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பஸ் நகர்ந்ததும் நண்பர் பக்கம் திரும்பினார்.

"வந்தவன் அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டான். ஆனா அவன் வெப்சைட்டு பார்க்கச் சகிக்கலவே."