ஒரு தட்டல், இரண்டு தட்டல்

கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவுக்கு மழை நாளில் போவதுதான் உத்தமம். வரிசை சின்னதாக இருக்கும், சிப்ஸ் சூடாகக் கிடைக்கும், கடற்காகங்களும் நனைந்துபோய்த் திருட்டில் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் நாளென்றால் அவற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது. போன கோடையில் ஒரு கடற்காகம் பாதிரியார் ஒருவர் கையிலிருந்த மீனோடு அவருடைய பல்செட்டையும் தூக்கிக்கொண்டு போனது. பல்செட் நான் சேர்த்தது, அதை எழுதிக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். நம் ஊர் மார்ல்ஸ்பி முழுக்க அது தெரியும். நடந்துகொண்டே பேசினால் பரவாயில்லையா? உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது.

பெயர் வில்ஃபிரட் டான்ஸ்லி. வயது அறுபத்தொன்பது. நம் பூங்காவின் மர ரோலர் கோஸ்டரில் முப்பத்தெட்டு வருஷம் பிரேக் பிடித்தேன். இப்போது வருகிற இரும்பு வண்டிகளைப் போல அது தானாக நிற்காது. முதல் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து, கூடவே போய், பிரேக் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். ஒரு லட்சம் தடவை போயிருப்பேன். என் மனைவி ஹில்டா எண்பதாயிரம் என்பாள். அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லியே பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வு கொடுத்தார்கள். கேக் வெட்டி, ஆயுசுக்கும் இலவசமாக உள்ளே வர ஓர் அட்டையும் கொடுத்தார்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் இடது கை தானாக எதையோ தேடும். டிவியில் ஒரு விளம்பரம் முடிவதற்குள் சமையலறைக்கு ஒன்பது தடவை போய்வருவேன். "கார்ப்பெட் தேயுது. வீட்டுக்குள்ள ரயில் ஓட்டாதீங்க, எங்கயாவது போயிட்டு வாங்க," என்றாள் ஹில்டா. போனேன். தினமும் போனேன்.

என் இடத்தில் பெவர்லி பெட்ச் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, அதற்கு முன் பஸ் ஓட்டியவள். நல்லவள். இதை அழுத்தமாகவே எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே நடைமேடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தாள். "வாங்க பெரியவரே, உக்காந்து குத்தம் கண்டுபிடிங்க," என்றாள். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். நான் ஓட்டினால் ஜனங்கள் கத்துவார்கள், இறங்குவார்கள், போவார்கள். அவள் ஓட்டினால் கத்திவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி, திரும்பப் போய் வரிசையில் நின்றார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடச் சரியில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டி கிளம்பும் முன் நடைமேடைக்காரர் கடைசிப் பெட்டியின் பலகையில் ஒரு கட்டையால் தட்டுவார். ஒரு தட்டல் என்றால் சாதாரண பாரம். இரண்டு என்றால் கனத்த பாரம், இரண்டாம் சரிவின் உச்சியிலேயே பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஏற்றத்தில் இரும்புக் கயிறு இழுத்துக்கொண்டு போவதால் கைக்கு எடை தெரியாது. இறங்கும்போது தெரிந்தால் பிரயோசனமில்லை, அதற்குள் கடல் பக்க வளைவு வந்துவிடும். பிரேக் பிடிக்கிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, தட்டலை நம்ப வேண்டும். எழுத்தில் எங்கும் இல்லை, ஆனால் என் காலத்துக்கு முன்பிருந்தே அதுதான் மரியாதை. திரும்பிப் பார்த்தால் நடைமேடையே ஊளையிடும். அன்றைக்கு எல்லோருக்கும் சூடான டோனட் அவர் செலவு.

பெவ் பஸ் ஓட்டியவள், கண்ணாடியில் பின்னால் பார்த்தே பழகியவள். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திரும்பினாள். புதியவள் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை, நான்தான் ஆரம்பித்து வைத்தேன். "பெவ், பின்னாடி பஸ் ஸ்டாப் எதுவும் இல்லம்மா," என்பேன். "யாரோ டிக்கெட் வாங்காம ஏறிட்டானாம், பாரு பாரு." நடைமேடை சிரித்து உருளும். அந்தக் கோடையில் இங்கிலாந்துக்கே அவள் டோனட் வாங்கிக் கொடுத்தாள். பிறகு திரும்புவதை நிறுத்திவிட்டாள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது உண்மை. வேறெந்த எண்ணமும் அப்போது இல்லை.

இனி இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை, விடுமுறை நாள். காலையில் தூறல் விழுந்து மரமும் தண்டவாளமும் ஈரமாகவே இருந்தன. மதியம் நடைமேடைக்காரர் நெவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்த நண்டு சாண்ட்விச் வேலையக் காட்டுது, வில்ஃப். ரெண்டு ஓட்டம் பாத்துக்குறியா?"

"ரெண்டாயிரம் பாத்துக்கிறேன், நீ ஓடு," என்றேன்.

ஊரில் அன்று பித்தளை வாத்தியக் குழுக்களுக்குப் போட்டி. யார்க்‌ஷயர் குழு ஒன்று சீருடையோடு ஏற வந்தது. பதினான்கு பேர், ஒவ்வொருவரும் ஒரு பீரோ. ஒருவர் தன் டூபாவை, அந்தப் பெரிய ஊதுவாத்தியத்தை, கீழே வைக்க மறுத்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். முன் பெட்டியில் ஒல்லியாக ஒரு தம்பதியை ஏற்றினேன். குழுவைப் பின் பெட்டிகளில் உட்கார வைத்தேன். "பின்னாடிதான் ஜாலி, ஐயா," என்றேன். அது பொய்யில்லை.

பெவ் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "யாரு வில்ஃப் பின்னாடி? சத்தம் பலமா இருக்கு?"

"திரும்பிப் பாரேன். டோனட் தின்னு நாளாச்சு."

அவள் சிரித்தாள். திரும்பவில்லை.

தட்டினேன். ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிற நான் இதில் மட்டும் எதையும் கூட்டவில்லை.

எதற்கு என்று கேட்கிறீர்கள். அவள் கை ஒரு தடவை பிசக வேண்டும். வளைவில் ஒரு குலுக்கல், நாலு புகார்க் கடிதம், மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு போன். அவ்வளவுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வண்டி உச்சிக்குப் போக ஐம்பது வினாடி ஆகும். நடைமேடையில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது, இழுத்தால் கயிறு நின்றுவிடும். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் டீயைக் குடித்து முடித்தேன். ஆறின டீ எனக்கு ஆகாது.

இரண்டாம் சரிவின் உச்சியில் அவள் இழுக்கவில்லை. பாதியில் இழுத்தாள், சத்தம் இங்கே கேட்டது. கடைசிப் பெட்டி வளைவில் தண்டவாளத்தை விட்டு விலகியது. பழைய வண்டி, சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துவைக்க அதில் எதுவும் கிடையாது. மூன்று பேர் இறந்தார்கள், டூபாக்காரர் அவர்களில் ஒருவர். பெவ் கடைசி வரை கம்பியை விடவில்லை. இரண்டு தோளும் மூட்டு கழன்றுபோயிருந்தன. நல்ல பிடி, அதை நானே சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். பெவ் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்க ரெண்டு தட்டினீங்கதானே, வில்ஃப்? எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு."

"ரெண்டும்மா."

"அப்போ நான்தான். மூணு உசுரு."

"மனச அலட்டிக்காதே," என்றேன். திராட்சையில் விதை இருந்தது, அதற்காக வருத்தம் தெரிவித்தேன்.

பத்திரிகைகள் அவள் பெயரைப் போட்டன. யாரோ அவள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். அப்போது நான் உங்களிடம் வந்தேனா என்றால், வரவில்லை. அவள் கை இனி எந்தக் கம்பியையும் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு பெயர் எப்படிப் போனால் என்ன?

ஆனால் நேற்று நகரசபையின் பொறியாளர் ஓர் அறிக்கை விட்டிருக்கிறார். மரம் உளுத்துவிட்டதாம், அதனால்தான் விபத்தாம், நவம்பருக்குள் முழுவதையும் இடித்துவிட வேண்டுமாம். படித்ததிலிருந்து நான் உட்காரவில்லை. இன்று காலையுணவைப் பாதியில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். "இப்ப எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் ஹில்டா. "போலீஸ் ஸ்டேஷனுக்கு." "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

அந்த மரத்தில் உளுத்த பலகை ஒன்றுகூட இல்லை, அம்மா. ஒவ்வொரு பலகையையும் எனக்குத் தெரியும். ஒரு பாவமும் அறியாததன் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

அதனால் தெளிவாக எழுதுங்கள். மரம் தப்பு செய்யவில்லை. பெவர்லியும் தப்பு செய்யவில்லை. பாரம் கனம் என்று தெரிந்து, தண்டவாளம் ஈரம் என்று தெரிந்து, அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்றும் தெரிந்து, நான் ஒரு தடவை தட்டினேன்.

கையெழுத்தை எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் நல்லது. குளிர்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பூங்கா மறுபடி திறந்துவிடும், பிரேக் பிடிக்க இப்போது என்னை விட்டால் அவர்களுக்கு ஆள் இல்லை.