மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில்

— விடை அட்டையிலை அஞ்சு சுரம் எண்டு கிடக்கு, சிமியோன். அந்தப் பிள்ளை ஆறு எண்டு சொல்லிப்போட்டுது. பிழை பிழைதானே. உதிலை யோசிக்க என்ன கிடக்கு?

— கொஞ்சம் பொறுங்கோ, சோமசேகரம் மாஸ்டர். ரெண்டு பிள்ளையளும் சமன் புள்ளியிலை நிக்குதுகள். இந்த ஒரு கேள்வியிலைதான் யாழ்ப்பாணத்தின்ரை பேரிலை ஆர் கொழும்பு இறுதிப் போட்டிக்குப் போறதெண்டு முடிவாகப்போகுது.

— அதாலைதான் சொல்லுறன். யோசப்பின் அஞ்சு எண்டவ. அட்டையும் அஞ்சு எண்டுது. அவவை அனுப்புவம். வெளியிலை சனம் கை தட்டித் தட்டிக் களைச்சுப்போச்சு, கேக்குதோ?

— கேக்குது, மாஸ்டர். ஆனால் அருந்ததி தன்ரை மறுமொழி பிழையெண்டதை ஏற்கேல்லையே. இசைத்தட்டைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டு, கதவடியிலை வந்து நிக்கிறா.

— அளவெட்டி நாயனக்காரற்றை மகள்தானே? கோயில் வீதியிலை கேட்டு வளந்த பிள்ளை. ஞானம் இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தியறி வேறை, விளங்குதோ? லண்டன் சோதினைக்கு நான் மூண்டு வருஷம் படிச்சனான்.

— காலமை அவ சொன்ன மறுமொழியளை மறந்துபோனியளோ? கிளாரினெட்டிலை 'சி' எண்டு எழுதினதை ஊதினால் பியானோவிலை என்ன சுரம் எண்டு நீங்கள் கேட்டு முடிக்க முந்தி 'பி பிளாட்' எண்டவ. சக்ஸபோன் பித்தளை, பேந்து எப்பிடி அதை மரக்குழல் குடும்பத்திலை சேர்க்கிறது எண்டு கேட்டியள். எங்கடை நாயனத்துக்குச் சீவாளி மாதிரி அதுக்கும் நாணல் வைச்சு ஊதிறதாலை எண்டவ. நீங்களே வாய்விட்டு 'சபாஷ்' சொன்னியள்.

— சொன்னனான்தான். சரி, வரச் சொல்லும். ஒருக்கால் கேப்பம். உள்ளை வா, பிள்ளை. அந்தக் கதிரையிலை இரு.

— நிக்கிறன், ஐயா.

— உன்ரை இஷ்டம். கேள்வி என்ன? இந்த இசைத்தட்டிலை சக்ஸபோன் எத்தினை சுரத்திலை போகுது, எங்கடை ராகத்திலை எதுக்குக் கிட்ட? அதுக்கு நீ என்ன சொன்னனீ?

— சுத்த தன்யாசிக்குக் கிட்ட எண்டனான், ஐயா. ச, க, ம, ப, நி. ஆனால் அது மட்டும் இல்லை. ஆறாவதாய் ஒண்டு கிடக்கு. பிரதி மத்திமம்.

— ரெண்டு மத்திமமும் பக்கத்திலை பக்கத்திலையோ? ஒரே ராகத்திலையோ?

— ராகம் எண்டு நான் சொல்லேல்லையே, ஐயா. கிட்ட எண்டுதானே சொன்னனான். தட்டிலை என்ன கேட்டுதோ அதைத்தான் எண்ணினனான்.

— கேள், பிள்ளை. இந்த அட்டை எழுதினது நான். எழுத முந்தி அந்தத் தட்டை எத்தினையோ தரம் போட்டுக் கேட்டனான். நீ சொல்லுற அந்தச் சுரம் எனக்கும் கேட்டது.

— கேட்டதோ?

— ஓம். கேட்டு, அது பிழையெண்டு விட்டனான். ஊதினவனுக்கு விரல் வழுக்கியிருக்கு. சக்ஸபோனிலை சாவி எல்லாம் நெருங்கிக் கிடக்கும், விளங்குதோ? வழுக்கின சுரத்தைக் கணக்கிலை சேர்க்கிறதில்லை.

— அப்ப ஐயா, ஒருக்கால் போடுங்கோ. போட்டால் நான் சொல்லுறன் அது வழுக்கலோ இல்லையோ எண்டு.

— சிமியோன், போடும்.

— கிராமபோனுக்குச் சாவி குடுக்கவேணும். பொறுங்கோ... ம். இந்தா.

— இப்ப வரும், ஐயா. இதுதான் முதல் தரம். கேட்டியளோ?

— கேட்டன். சும்மா தொட்டிட்டு ஓடுது. நான் சொன்னதுதானே?

— இன்னும் கேளுங்கோ. பியானோ கொஞ்சம் வாசிச்சு முடிய... இந்தா, ரெண்டாம் தரம். இப்ப ஓடேல்லை. மத்திமத்திலை இருந்து இழுத்துக்கொண்டு வந்து அதிலை நிக்கிறார். நிண்டிட்டுத்தான் பஞ்சமத்துக்குப் போறார்.

— ம்.

— மூண்டாம் தரம், முடிவிலை. அந்தச் சுரத்திலைதான் தொடங்கிறாரே, ஐயா! விரல் வழுக்கினவர் அதிலை போய்த் தொடங்குவரோ? எங்கடை அப்பாவுக்கு வாசிக்கேக்கை சீவாளி பிசகினால் கண் மூடித் திறக்க முந்தி வேறை சுரத்துக்கு இறங்கிவிடுவர். பிசகின இடத்துக்குப் பேந்து அந்தப் பக்கமே போகார். இவர் தேடித் தேடியெல்லோ போறார்.

— சிமியோன், அந்த ஆர்மோனியத்தை இஞ்சாலை தள்ளும். பிள்ளை, எது சுருதி?

— நாலு கட்டை, ஐயா. இது மத்திமம், கறுப்புக் கட்டை. இது பஞ்சமம், வெள்ளைக் கட்டை. ரெண்டுக்கும் நடுவிலை இந்த ஒரு வெள்ளைக் கட்டை. இதுதான்.

— திருப்பி அமத்து.

— இதுதான், ஐயா.

— ம்... உந்த மாதிரிச் சங்கீதம் நீ எங்கை கேட்டனீ? உங்கடை வீட்டிலை கிராமபோன் கிடக்கோ?

— இல்லை, ஐயா. வீட்டுக்குப் பின்னாலை றேடியோ திருத்திற கடை. திருத்தினாப் பிறகு வேலை செய்யுதோ எண்டு பாக்க நாள் முழுக்க ஏதாவது ஒரு ஸ்டேசன் போகும். ஜாஸ் எண்டு பேர் பேந்துதான் தெரியும். முன்னாலை அப்பா சாதகம், பின்னாலை இது. ரெண்டையும் கேட்டுக்கொண்டுதான் அரிசி கழுவினனான். எங்கடை சுரந்தான் வேறை உடுப்புப் போட்டுக்கொண்டு போகுதெண்டு நினைப்பன்.

— சிமியோன், நீர் ஏன் வாயைத் திறக்கிறீர் இல்லை? தட்டுக் கொண்டுவந்ததும் நீர். குருநகர் பாண்டிலை இண்டைக்கும் ஊதிறதும் நீர். உம்மடை காதை நான் நம்புறன். சொல்லும், வழுக்கினதோ, வேணுமெண்டு ஊதினதோ?

— என்னைக் கேளாதையுங்கோ, மாஸ்டர்.

— ஏன்? நீரும் நடுவரெல்லோ?

— இந்த ஒரு கேள்விக்கு நான் நடுவர் இல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நான் கதைச்சால் நியாயம் இல்லை.

— ஓகோ. யோசப்பின் உம்மடை கோயில் பங்குப் பிள்ளை, அவவுக்கு எதிராய்ச் சொல்ல மனமில்லையோ?

— மாதாவாணை அப்பிடி இல்லை, மாஸ்டர். நீங்கள் ரெண்டு பேரும் கேட்டியள். நீங்களே முடியுங்கோ.

— தட்டிலை ஊதினவற்றை பேர் கிடக்கோ, ஐயா? அவரைக் கேக்கலாமே?

— இல்லை, பிள்ளை. கொழும்பு ஹோட்டல் பாண்ட் எண்டு மட்டும்தான் கிடக்கு. ஊதினவையின்ரை பேரை ஆர் போட்டவை? சரி. நான் முடிக்கிறன். முதல் தரம் கேக்கேக்கை வழுக்கலெண்டுதான் இப்பவும் எனக்குப் படுது. ஆனால் பேந்து ரெண்டு தரமும்... இல்லை. நீ சொல்லுறது சரி. வேணுமெண்டுதான் ஊதியிருக்கு. ஆறு சுரம். இந்தா பார், அட்டையிலை அஞ்சை வெட்டி ஆறு போட்டிட்டன். கீழை கையெழுத்தும் வைச்சிட்டன்.

— அப்ப நான்...

— நீதான் கொழும்புக்குப் போறாய். ஆறு மாவட்டத்துப் பிள்ளையளும் வருவினம். இப்பிடியே நிண்டு கதை, அங்கையும். ஆனால் இப்ப மேடையிலை ஏறி, பிழை விட்டது அட்டை எழுதின சோமசேகரம், பிள்ளை இல்லை எண்டு நான்தான் சொல்லப்போறன். நாப்பது வருஷம் பிள்ளையளின்ரை பிழையைச் சிவப்பு மையாலை வெட்டினனான். என்ரை பிழையை வெட்ட ஏன் வெக்கப்படுவான்? போ, உன்ரை அப்பாவைக் கூட்டிக்கொண்டுவந்து முன் வரிசையிலை இருத்து. எங்கை அவர்?

— வெளி மதிலோடை நிக்கிறார், ஐயா. உள்ளை வரச் சொல்லிக் காலமையே கேட்டனான். 'நான் நிண்டு பழகினவன், இரு எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை' எண்டிட்டார்.

— அது அந்தக் காலம். போய் நான் சொன்னனெண்டு கூட்டிக்கொண்டு வா.

— நான் கூப்பிட்டால் மகள் கூப்பிட்டதாய்த்தான் போகும், ஐயா. நீங்கள் கூப்பிடுங்கோ. மேடையிலை நிண்டு, பேர் சொல்லி.

— ... அவற்றை பேர் என்ன?

— முத்துக்குமாரு. அளவெட்டி முத்துக்குமாரு.

— சரி, பிள்ளை. முந்நூறு சனத்துக்கு முன்னாலை, நாதஸ்வர வித்துவான் அளவெட்டி முத்துக்குமாரு அவர்கள் முன்வரிசைக்கு வரவேணும் எண்டு ஒலிவாங்கியிலை நானே சொல்லுறன். அவர் வந்து கதிரையிலை இருந்தாப் பிறகுதான் முடிவு வாசிப்பன். காணுமோ?

— காணும், ஐயா. நான் போய் மேடையோரம் நிக்கிறன்.

— பாத்தீரோ, சிமியோன்? இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. வென்றிட்டாய் எண்டன், சிரிக்கேல்லை. தேப்பன்ரை பேரைச் சொல்லேக்கைதான் முகம் மலர்ந்தது. இப்ப பிள்ளையும் போட்டுது. சொல்லும், ஏன் வாய் திறக்கேல்லை?

— ஊதினது நான், மாஸ்டர்.

— என்ன சொல்லுறீர்?

— அந்தத் தட்டிலை சக்ஸபோன் நான்தான். ஊதிப் பதின்மூண்டு வருஷமாச்சு. தட்டு வெளியிலை வந்த கிழமை பாண்ட் மாஸ்டர் கேட்டிட்டு, பிழைச் சுரம் ஊதித் தன்ரை பேரைக் கெடுத்திட்டன் எண்டு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டவர். அண்டையிலை இருந்து, அது பிழையில்லை எண்டு சொன்ன முதல் ஆள் உந்தப் பிள்ளைதான்.

— அட கடவுளே! அதை முதலே சொல்லியிருக்கலாமே, மனுசன்! அப்ப அவ சொன்னதுதான் முழுக்கச் சரி. நான் சொன்னது முழுக்கப் பிழை.

— இல்லை, மாஸ்டர், நீங்களும் சரிதான். முதல் தரம் என்ரை விரல் வழுக்கினதுதான்; போய் விழுந்த இடம் நல்ல வடிவாய்க் கிடந்துது, அதாலை மற்ற ரெண்டு தரமும் நானாய்த்தான் போய் அங்கை நிண்டனான்.