பிச்சையாவின் மூக்கு

இந்த டீயில் ஊற்றியிருப்பது நேற்றுக் காய்ச்சிய பால், இன்ஸ்பெக்டர் ஐயா. குடிக்கலாம், கெடுதல் இல்லை. எனக்கு டம்ளர் வாசலைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது.

பிறவியிலேயே நான் இப்படித்தான். எதிராளி வாயைத் திறக்குமுன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரியும். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது பல்வலி மாதிரி. நான் தோல் பதனிடும் தாராவித் தோல்ஷாப்பில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எனக்குப் பேச ஆளில்லை. தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியைக் கழுவ இறங்குமுன் மட்டும் என்னைத் தேடி வருவார்கள். விஷவாயு இருக்கிறதா என்று நான் குனிந்து மோந்து பார்த்து, "எறங்குலே" என்றால்தான் இறங்குவார்கள். சீனாச் சண்டை நடந்த வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம். முதலாளி ரஹ்மத்துல்லா பாய் சொல்லுக்குக்கூட அவ்வளவு மதிப்பு இல்லை.

பிறகு தளவாய் வேலைக்கு வந்தான். முப்பது வயது, அதிகம் பேசமாட்டான். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "அண்ணாச்சி, நாத்தம் நின்னா நல்லதுன்னு நெனைக்கோம். சட்டுனு நின்னுதுன்னா அதுதான் ஆபத்து. வெசவாயு மூக்கக் கொன்னுருது. என்ன சொல்லுதிய?"

எனக்கு அது பல வருஷமாகத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிவிட்டால் அப்புறம் என்னை எதற்குக் கேட்கப்போகிறார்கள்? இருந்தாலும் அன்று பூரித்துப்போனேன், ஐயா. இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கொரு துணை. ஆனால் வீட்டில் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் ஆட்கள், "தளவாய் என்ன சொல்லுதான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

மழை ஓய்ந்ததும் கடைசிக் குழியைத் திறந்தோம். குனிந்தேன். முதல் மூச்சில் அழுகிய முட்டை வாடை. அடுத்த மூச்சில் ஒன்றுமே இல்லை. தளவாய் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"கயிறு எதுக்குலே? அதான் நான் பாத்துட்டேனே" என்றேன்.

"நாங்கதான் ஏமாறுவோம். ஒங்க மூக்கு ஏமாறுமா, அண்ணாச்சி?" என்று சிரித்தான். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கினான். அவ்வளவு யோசிக்கத் தெரிந்தவன் அந்த ஓர் இடத்தில் மட்டும் யோசிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அவன் விழுந்த சத்தம் கேட்டு, கூட வேலை செய்யும் இசக்கிமுத்து ஓடிவந்தான். அவன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. இறங்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்திருந்தால், குழிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்திருக்கும். அதனால் வழிவிட்டு நின்றேன். அவனும் குதித்தான்.

இருவரையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஏன், ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாவம், உங்களுக்குப் புரியவில்லை. தளவாயாக இருந்தால் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டு, "நீங்க செஞ்சது சரிதான், அண்ணாச்சி" என்றிருப்பான்.