எலி கடித்த முன்முடி

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டுச் சிறுமி தன் அம்மாவிடம் சொன்னாள்:

"இயேசப்பா மன்னிச்சிட்டாரு. நீதாம்மா இன்னும் மன்னிக்கல."

எட்டு வயது இருக்கும். நெற்றியில் முன்முடி அறுத்த வயல்போலக் குத்திட்டு நின்றது.

"நானும் மன்னிச்சிட்டேன்டி. முடி வளர மூணு மாசம் ஆவுமே! கிறிஸ்மஸ் நாடகத்துக்குப் பத்து நாள்தான் இருக்குது. அதான் டீச்சரு உனக்கு ஆடு வேஷம் மாத்திட்டாங்க."

"மரியாளுக்கு முக்காடுதான போடுவாங்க? முடி எங்க தெரியும்?"

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் பேசினார்.

"டீச்சருகிட்ட நீயே கேளு. ஆனா எலி கடிச்சிடுச்சின்னு பொய் சொன்னியே, அதுக்கு முதல்ல மன்னிப்புக் கேக்கணும். நானேதான் கத்திரிக்கோல்ல வெட்டிக்கினேன்னு சொல்லணும்."

"எல்லாரு முன்னாலயுமா?"

"பொய்ய எல்லாரு முன்னாலயுந்தான சொன்ன?"

இரண்டு நிறுத்தம்வரை சிறுமி முன்முடியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"ஆட்டுக்கு இன்னாம்மா வசனம்?"

"மே."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சிறுமி பெருமூச்சு விட்டாள்.

"டீச்சருகிட்ட சொல்லிடறேம்மா."