பாகாலா மேட்டில் நிற்கும் ஜீப்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சூடாக இருந்தால் நல்லது. இதில் சபைக் கமிட்டியாராகிய உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அதனால் நீங்கள் கேட்ட விளக்கத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். இன்பசேகரன், சித்தூரில் மோட்டார் ஒர்க்‌ஷாப். நம் சபையில் மூப்பராகவும் இருக்கிறேன். போதகர் வரத் தாமதமானால் பிரசங்கம் செய்யும் பொறுப்பு என்னுடையது. போதகர் அசரியா திருப்பதியில் குடியிருந்து, ஞாயிறுதோறும் பாகாலா வழியாகச் சபையின் ஜீப்பைத் தாமே ஓட்டிக்கொண்டு வருவார். நல்ல மனிதர். ஆனால் பிரசங்க மேடையில் ஏறினால் இறங்க மனம் வராது. என் மனைவி தபீதாள் வைத்துவிட்டு வந்த குழம்பு வீட்டில் ஆறிப்போகும்.

அவர் முன்பு கணக்கு வாத்தியார். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல், எந்த மேட்டில் எந்த கியர், சூடு காட்டும் முள் எங்கே ஏறியது என்று எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதுவார். போன வருஷம் அதை என் கையில் கொடுத்தார்.

"இன்பம், இதப் பாத்துக்கினு இன்ஜின ட்யூன் பண்ணு. காதுல கேட்டுத் திருகுனதெல்லாம் போதும்."

அவர் சொன்னது சரி. எழுதியிருந்ததைப் பார்த்து டைமிங்கைத் திருத்தினேன், கார்புரேட்டரைத் திருகினேன். வண்டி சிட்டாகப் பறந்தது. போதகர் முன்னைவிடச் சீக்கிரம் வந்தார். மிச்சமான நேரத்தைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குச் சபையின் மேல் இரக்கம் வந்தது.

பாகாலா தாண்டி ஒரு மேடு உண்டு. காலை வெயிலில் அங்கே முள் விறுவிறுவென்று ஏறுகிறது என்று அவரே எழுதியிருந்தார். மாலையில் திரும்பும்போது அதே இடம் இறக்கம், காற்றும் குளிர்ந்திருக்கும். ஆகவே பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து டைமிங்கை ஒரு நூல் பின்னுக்குத் தள்ளினால், வரும்போது மட்டும் வண்டி சூடாகி நின்றுவிடும். போகும்போது ஒன்றும் தெரியாது. அவர் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்தேன்.

அடுத்த ஞாயிறு நின்றது. 'மேட்டில் நின்றது. ஆற அரை மணி' என்று நேர்மையாக எழுதியிருந்தார். அதைப் பார்த்து இன்னும் நன்றாகத் திருத்தினேன். இப்போது ஒரு மணி நேரம் நின்றது. இவ்வளவு ஒழுங்காக எழுதித் தருகிற வாடிக்கைக்காரரை நான் பார்த்ததே இல்லை.

அவர் வராத நேரத்தை யாராவது நிரப்பத்தானே வேண்டும். முதல் வாரம் பொறுமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன். அடுத்த வாரம் பொறுமையின் வகைகள். பிறகு ஒவ்வொரு வகைக்கும் என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓர் உதாரணம். போதகர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது, அவருக்கு ஆசீர்வாதம் சொல்லத்தான் நேரம் இருக்கும்.

தபீதாள் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "போதகரு பேசினா கொழம்பு ஆறிப்பூடுது. நீங்க பேசினா ஊசிப்பூடுது." அந்த வருஷம் வெயில் அதிகம். அதைத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் போதகர் தம் லாக் புக்கைத் தாமே புரட்டிப் பார்த்திருக்கிறார். நான் கை வைத்த பிறகுதான், அதுவும் வரும்போது மட்டும்தான் ஜீப் நிற்கிறது என்று கண்டுகொண்டார். போன ஞாயிறு ஜீப்பைத் திருப்பதியிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஆராதனை தொடங்கிச் சற்று நேரத்திலேயே வந்துவிட்டார். நான் அப்போதுதான் மேடையேறியிருந்தேன். அவர் உள்ளே வந்ததைப் பார்த்தேன். முடித்துக்கொள்ளும்படி செயலாளர் நேசகுமார் கையைக் காட்டியதையும் பார்த்தேன். ஆனால் பேச்சு நல்ல கட்டத்தில் இருந்தது.

பெண்கள் அழும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். குழந்தை இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். நேசகுமாரும் போய்விட்டார்.

ஜீப்பை நிற்கவைத்தது நான்தான். சபை நீண்ட பிரசங்கத்தில் அவதிப்படக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. போதகரே அன்று கடைசிவரை பெஞ்சை விட்டு அசையவில்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி ஆழ்ந்த ஜெபத்தில் இருந்தார். அதைக் கலைக்க மனமில்லாமல்தான் நான் தொடர்ந்து பேசினேன்.